ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு பணம் தேவை? தனியார் ஊழியர்கள் தாமே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர்களுக்கு, கடைசிச் சம்பளத்தை அடிப்படையாகக் கொண்டு, அகவிலைப்படியோடு சேர்ந்து உயர்ந்துகொண்டே போகும் ஓய்வூதியம் உண்டு. விலைவாசி ஏறினால் அவர்களுடைய வருமானமும் ஏறும் என்பதால், ஓய்வுபெறும் நாளில் கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கேள்வி அவர்களை அவ்வளவாக வாட்டுவதில்லை. தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு வேலையின் கடைசி நாளில் சம்பளம் நின்றுவிடும். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் குடும்பம் நடத்த வேண்டிய பணத்தை அவர்களேதான் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பணம் எவ்வளவு என்று கேட்டால் ஒருவர் ஒரு கோடி என்பார், இன்னொருவர் ஐந்து கோடி என்பார். இரண்டுமே உங்கள் வீட்டுச் செலவைப் பார்த்துச் சொன்னவை அல்ல. உங்களுக்கான தொகை உங்கள் வீட்டுக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டுப்புத்தகமும் சாதாரணக் கால்குலேட்டரும் போதும். கணக்கு முழுவதையும் இன்றைய விலைவாசியிலேயே போட வேண்டும் என்பதையும், கணக்கு முடிய வேண்டியது கணவன் மனைவி இருவரில் இளையவரின் ஆயுளோடுதான் என்பதையும் மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஓராண்டுச் செலவு

ஒரு மாதச் செலவை எடுத்துப் பன்னிரண்டால் பெருக்குவது சரியான வழி அல்ல. ஜூன் மாதத்துப் பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணிமணி, அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் வீட்டு வரி, வண்டிக் காப்பீடு, குலதெய்வக் கோயிலுக்குப் போய்வரும் செலவு ஆகியவை மாதக் கணக்கில் சிக்குவதில்லை. எனவே வங்கிக் கணக்கு அறிக்கையையும் யு.பி.ஐ. பரிவர்த்தனைப் பட்டியலையும் முழுமையாக ஓராண்டுக்கு எடுத்து, எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால்தான் உண்மையான சராசரி கிடைக்கும்.

நம் குடும்பங்களில் பலரும் விட்டுவிடும் செலவுகள் சில உண்டு. மொய் எழுதுவது ஓய்வுபெற்றாலும் நிற்காது. சொல்லப்போனால், உறவினர் வீட்டுப் பிள்ளைகள் திருமண வயதை எட்டும் அந்தக் காலத்தில்தான் அது கூடும். மகளுக்குத் தலைத்தீபாவளி, வளைகாப்பு, பேரக்குழந்தைக்குக் காதுகுத்து என்று சீர் செய்ய வேண்டியவை ஓய்வுக்கால வருமானத்திலிருந்துதான் போகும். வீட்டுக்கு வெள்ளையடிப்பது, தண்ணீர் மோட்டாரையும் இன்வெர்ட்டர் பேட்டரியையும் மாற்றுவது, குளிர்சாதனப் பெட்டி வாங்குவது போன்றவை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருபவை. அவற்றின் விலையை எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகின்றனவோ அத்தனையால் வகுத்து ஆண்டுச் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, ஓய்வுபெற்றபின் இல்லாமல் போகும் செலவுகளைக் கழித்து, புதிதாக வருபவற்றைக் கூட்ட வேண்டும். கற்பனையாகத் திருச்சியில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு 40 வயது, மனைவிக்கு 37. சொந்த வீடு, ஒரு குழந்தை. ஆண்டுச் செலவைச் சராசரியாக்கினால் மாதம் 58,000 ரூபாய் வருகிறது. அதில் வீட்டுக்கடன் தவணை 14,000, பள்ளிச் செலவு 9,000, வேலைக்குப் போய்வரும் செலவு 3,000 ஆகியவை அவர் ஓய்வுபெறும்போது இரா. மீதி 32,000. வயதானபின் கூடும் மருந்துச் செலவுக்கும் காப்பீட்டுப் பிரீமியத்துக்குமாக 3,000 சேர்த்தால் 35,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 4.2 லட்சம். குழந்தையின் கல்லூரிப் படிப்பும் திருமணமும் இந்தக் கணக்கில் சேரமாட்டா. அவற்றுக்குத் தனிச் சேமிப்பு வேண்டும்.

இரண்டாம் படி: எத்தனை ஆண்டுகள்

இந்தப் படியில்தான் மிகப் பெரிய தவறு நேர்கிறது. 60 வயதில் ஓய்வு, 80 வயது வரை ஆயுள், ஆகவே இருபது ஆண்டுகளுக்குப் பணம் போதும் என்று வேலை பார்ப்பவர் தம் வயதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடுகிறார். மனைவி மூன்று முதல் ஆறு வயது இளையவராக இருப்பது நம்மிடையே சாதாரணம். பெண்களின் சராசரி ஆயுளும் ஆண்களுடையதைவிடக் கூடுதல். கணவருக்கு 80 வயது வரைக்கும் மட்டும் பணம் வைத்தால், அதன்பின் தனியாக வாழப்போகும் ஆண்டுகளுக்கு மனைவியிடம் எதுவும் இராது. தம் பெயரில் சம்பளமோ ஓய்வூதியமோ இல்லாத பெண்களுக்கு இது மிகக் கொடிய நிலை. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இருவரில் இளையவருக்கு 90 வயதாகும் வரை கணக்கிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் கணவர் 60 வயதில் ஓய்வுபெறும்போது மனைவிக்கு 57. எனவே 33 ஆண்டுகள். ஒருவர் மட்டுமே இருக்கும் காலத்தில் செலவு ஓரளவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில்தான் வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படும். மருத்துவக் காப்பீடு பொதுவாக அந்தச் சம்பளத்தைக் கொடுக்காது. ஆகையால் செலவைக் குறைக்காமல் அப்படியே வைத்துக்கொள்வதே நல்லது.

மூன்றாம் படி: பெருக்கல்

விலைவாசி ஏறும், சேமிப்புக்கு வட்டியும் கிடைக்கும். வட்டி விலைவாசிக்குச் சமமாக மட்டும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அப்போது ஆண்டுச் செலவை 33-ஆல் பெருக்கினால் போதும். வட்டி விலைவாசியைவிட ஆண்டுக்கு 1 விழுக்காடு கூடுதலாகக் கிடைத்தால் சுமார் 28 மடங்கும், 2 விழுக்காடு கூடுதலாகக் கிடைத்தால் ஏறத்தாழ 24 மடங்கும் போதும்.

அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994-இல் எழுதிய ஆய்விலிருந்து, முதலாண்டில் சேமிப்பில் 4 விழுக்காட்டை எடுத்து, பின்னர் விலைவாசிக்கேற்ப அதை உயர்த்திக்கொண்டு போகலாம் என்ற விதி உலகெங்கும் பரவியது. அதன்படி 25 மடங்கு போதும். ஆனால் அது அமெரிக்கப் பங்குகள், கடன்பத்திரங்கள் ஆகியவற்றின் வரலாற்றைக் கொண்டு, 30 ஆண்டுகளை மனத்தில் வைத்துப் போடப்பட்ட கணக்கு. நம் விலைவாசி வேறு, ஆண்டுகளும் கூடுதல். வரிக்கும் கொஞ்சம் போகும். எனவே 28 மடங்கைக் கொள்வதே இங்கே நிதானமான அளவு என்பது என் கருத்து. பணம் முழுவதையும் வங்கி வைப்பிலேயே வைக்க நினைப்பவர்கள் 33 மடங்கையே வைத்துக்கொள்ள வேண்டும்.

4.2 லட்சத்தை 28-ஆல் பெருக்கினால் சுமார் 1.18 கோடி. இதனோடு, காப்பீடு ஏற்காத மருத்துவச் செலவுகளுக்காக 10 லட்சம் தனியாகச் சேர்த்தால் 1.28 கோடி. இது இன்றைய விலைவாசியில்.

விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், 20 ஆண்டுகள் கழித்து இதே தொகை 4.1 கோடியாகத் தெரியும். ரிசர்வ் வங்கி 2016 முதல் 4 விழுக்காட்டை இலக்காகவும் 2 முதல் 6 வரை எல்லையாகவும் வைத்திருக்கிறது; அதில் மேல் எல்லையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்கு கோடி என்ற எண்ணைப் பார்த்து மலைத்துப்போய்க் கணக்கையே மூடிவைத்துவிடுபவர்கள் பலர். அதே 20 ஆண்டுகளில் உங்கள் சம்பளமும் ஏறும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. இன்றைய விலைவாசியிலேயே கணக்கைப் போடச் சொல்வது இதனால்தான்.

நான்காம் படி: கையில் இருப்பதும் வரப்போவதும்

வருங்கால வைப்பு நிதியில் (பி.எஃப்.) அடிப்படைச் சம்பளத்தில் 12 விழுக்காட்டை ஊழியரும், அதே அளவை நிறுவனமும் கட்டுகின்றன. நிறுவனத்தின் பங்கில் 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. ஆனால் 15,000 ரூபாய்ச் சம்பளம் வரைதான் அது கணக்கிடப்படும் என்பதால், பெரும்பாலோருக்கு அது மாதம் 1,250 ரூபாய்தான். நம் எடுத்துக்காட்டில் அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால், ஊழியரின் 3,600-ம் நிறுவனத்தின் 2,350-ம் சேர்ந்து மாதம் 5,950 ரூபாய் பி.எஃப். கணக்கில் ஏறும். வட்டி 2023-24, 2024-25 ஆகிய இரு ஆண்டுகளிலும் 8.25 விழுக்காடு, நாம் 8 என்றே வைத்துக்கொள்வோம். சம்பளமும் விலைவாசியோடு ஏறினால், மாதம் கட்டும் ஒவ்வொரு 1,000 ரூபாயும் 20 ஆண்டுகளில் இன்றைய மதிப்பில் 2.7 லட்சமாகும். ஏற்கெனவே கணக்கில் இருக்கும் ஒவ்வொரு லட்சமும் 1.45 லட்சமாகும். இவருக்குக் கணக்கில் 8 லட்சம் இருந்தால், மொத்தம் ஏறத்தாழ 28 லட்சம் கிடைக்கும். வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல், வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். அடையாள எண்ணான யு.ஏ.என். வழியாகப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொண்டவருக்குத்தான் இந்தத் தொகை கிட்டும்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி), கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அந்த நிறுவனத்தில் பணியாற்றிய ஆண்டுகளால் மீண்டும் பெருக்கினால் வருவது. 25 ஆண்டுப் பணிக்கு இன்றைய மதிப்பில் 4.3 லட்சம். ஆக 32 லட்சம் வரவு.

ஓய்வூதியத் திட்டத்திலிருந்து 58 வயதில் கிடைப்பதை நான் இதில் சேர்க்கவில்லை. பணியாண்டுகளை 15,000-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாத ஓய்வூதியம் வரும். இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவருக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளப்படும். 28 ஆண்டுகள் பணியாற்றியவருக்கு இது சுமார் 6,430 ரூபாய். அந்த வயதில் அதன் மதிப்பு இன்றைய 2,250 ரூபாய்தான். அகவிலைப்படி இல்லாததால் அது மேலும் தேய்ந்துகொண்டே போகும். கணவர் காலமானால் மனைவிக்கு அதில் பாதிதான் வரும். அது வந்தால் வரட்டும், அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

மாடி போர்ஷன் வாடகை இதற்கு நேர்மாறானது. விலைவாசியோடு அதுவும் ஏறும். காலியாகக் கிடக்கும் மாதங்களையும் பராமரிப்பையும் கழித்தபின் மாதம் 8,000 நிற்குமானால், சேர்க்க வேண்டிய தொகையில் சுமார் 27 லட்சம் குறைந்துவிடும். குடியிருக்கும் வீட்டையும் மனைவியின் நகையையும் கணக்கில் கொண்டுவர வேண்டாம். மனை வாங்கிப் போட்டிருந்தால், அதை விற்கப் போவது உறுதி என்றால் மட்டும் இன்றைய விலையைச் சேர்க்கலாம். பிள்ளைக்கு என்று மனத்தில் எழுதிவைத்துவிட்ட மனை உங்கள் ஓய்வுக்கு உதவாது.

ஐந்தாம் படி: மாதம் எவ்வளவு சேமிக்க வேண்டும்

தேவை 128 லட்சம், வரவு 32 லட்சம். பற்றாக்குறை 96 லட்சம், இன்றைய மதிப்பில்.

பெரும்பகுதியைப் பங்குச்சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில், மாதந்தோறும் ஒரு தொகையைப் போடும் எஸ்.ஐ.பி. முறையில் போட்டு, சராசரியாக 10 விழுக்காடு வளர்ச்சி கிடைக்கும் என்றும், போடும் தொகையை ஆண்டுதோறும் 6 விழுக்காடு உயர்த்திக்கொண்டே போவதாகவும் வைத்துக்கொள்வோம். அப்போது இன்று தொடங்கும் ஒவ்வொரு 1,000 ரூபாயும் இன்றைய மதிப்பில் 10 ஆண்டுகளில் 1.34 லட்சமாகவும், 15 ஆண்டுகளில் 2.2 லட்சமாகவும், 20 ஆண்டுகளில் 3.3 லட்சமாகவும், 25 ஆண்டுகளில் 4.6 லட்சமாகவும் ஆகும். இந்த நான்கு எண்களையும் குறித்துக்கொண்டால் உங்கள் கணக்கை நீங்களே போட்டுவிடலாம். 96-ஐ 3.3-ஆல் வகுத்தால், மாதம் சுமார் 29,000 ரூபாய். இதையே 7 விழுக்காடு தரும் வங்கி வைப்பில் மட்டும் போட்டால், மாதம் 39,000 வரை தேவைப்படும். 10 விழுக்காடு என்பது உத்தரவாதம் இல்லாத எண் என்பதையும் மறக்கக் கூடாது. 2008-இல் பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி தன் உச்சத்திலிருந்து பாதிக்கும் மேல் சரிந்தது. ஓய்வுபெற ஐந்து ஆண்டுகள் இருக்கும்போதிலிருந்தே, பங்குகளிலிருந்து வைப்புகளுக்குச் சிறிது சிறிதாக மாற்றத் தொடங்க வேண்டும்.

இந்தக் குடும்பத்தால் இப்போது 15,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான வீடுகளின் உண்மை நிலை இதுதான், இதில் மனம் தளர வேண்டியதில்லை. 15,000 ரூபாய் 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 49 லட்சம் தரும். பத்து ஆண்டுகளில் வீட்டுக்கடன் தீரும்போது, அந்த 14,000 ரூபாய்த் தவணை, இன்றைய மதிப்பில் 7,800 ரூபாய், சேமிப்புக்குத் திரும்பினால் இன்னும் 10 லட்சம். அப்போதும் 37 லட்சம் குறைகிறது.

குறையை அடைக்க மிக வலிமையான வழி, ஓய்வைச் சற்றுத் தள்ளிப்போடுவது. 60-க்குப் பதில் 63 வயது வரை, வேறோர் இடத்தில் என்றாலும், ஏறத்தாழ இதே வருமானத்தில் வேலை பார்த்தால், சேமிக்கும் ஆண்டுகள் மூன்று கூடுகின்றன, செலவழிக்கும் ஆண்டுகள் மூன்று குறைகின்றன. 30 ஆண்டுகளுக்கு 26 மடங்கு போதும் என்பதால் தேவை 119 லட்சமாக இறங்கும், பி.எஃப்., பணிக்கொடை வரவு 36 லட்சமாக ஏறும், 15,000 ரூபாய்ச் சேமிப்பு 60 லட்சமாகும், வீட்டுக்கடன் தவணையிலிருந்து வருவது 14 லட்சத்தைத் தாண்டும். மீதிக் குறை 8 லட்சத்துக்குச் சுருங்கிவிடும். ஓய்வுக்கால மாதச் செலவில் 2,000 ரூபாயைக் குறைத்தாலே அதில் ஆறு லட்சத்துக்கும் மேல் அடைபடும். ஒரு வழியில் மட்டும் முழுக் குறையையும் அடைக்க முயலாமல், இப்படி மூன்று நான்கு வழிகளில் பகிர்ந்து அடைப்பதே நடக்கக்கூடியது. பல நிறுவனங்களில் ஓய்வு வயது 58 என்பதால், அதற்குப் பின் என்ன வேலை கிடைக்கும் என்பதை ஐம்பது வயதிலேயே யோசித்து வைப்பது நல்லது.

மருத்துவக் காப்பீட்டையும் இப்போதே எடுக்க வேண்டும். நிறுவனம் தரும் குழுக் காப்பீடு பொதுவாக வேலையோடு முடிந்துவிடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகள் வரை இருக்கலாம் என்பதால், வேலையில் இருக்கும்போதே சொந்தக் காப்பீட்டைத் தொடங்கி அந்தக் காலத்தைக் கடந்துவிட வேண்டும்.

ஆறாம் படி: பணம் கைக்கு வந்தபின்

சேர்த்த பணம் கரைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஊதாரித்தனம் அல்ல. அசலைத் தொடாமல் வட்டியில் மட்டும் வாழ்கிறோம் என்ற நம்பிக்கைதான் பலரை ஏமாற்றுகிறது. ஒரு கோடியை 7 விழுக்காட்டு வைப்பில் போட்டால் மாதம் 58,000 ரூபாய்க்கு மேல் வரும். அதை முழுவதும் செலவழிக்கும் குடும்பத்துக்கு முதல் ஆண்டுகளில் எல்லாம் செழிப்பாகத் தெரியும். விலைவாசி 6 விழுக்காடு ஏறினால், 12 ஆண்டுகளில் அதே தொகை பாதிப் பொருளைத்தான் வாங்கும். 24 ஆண்டுகளில் கால்வாசியை. அசல் ஒரு கோடியாகவே நிற்கும், ஆனால் அதன் மதிப்பும் அதே வேகத்தில் தேய்ந்திருக்கும். எனவே தொடக்க ஆண்டுகளில் வரும் வட்டியில் ஒரு பகுதியைத் திரும்ப முதலீடு செய்தே ஆக வேண்டும்.

இன்று ஒரு தம்பதி 1.28 கோடியோடு ஓய்வுபெறுவதாக வைத்து, அதைப் பிரிக்கும் முறை ஒன்றைக் காட்டுகிறேன். 60 வயதானவர் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், 8.2 விழுக்காடு வட்டியில், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 20,500 ரூபாய் வரும். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் கூட்டுக் கணக்காக 15 லட்சம் போட்டால், 7.4 விழுக்காட்டில் மாதம் 9,250 ரூபாய். இந்த இரண்டிலுமே 29,750 ரூபாய் வந்துவிடுகிறது. மருத்துவத்துக்கான 10 லட்சத்தை எளிதில் எடுக்கக்கூடிய வைப்பில் வைக்கலாம். மீதி 73 லட்சத்தில் ஏறத்தாழ பாதியை வங்கி வைப்புகளில் பிரித்துப் போட்டு, மாதம் குறையும் 5,250 ரூபாயை அந்த வட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு, மற்ற பாதியைப் பின்னாள் விலைவாசிக்காக மியூச்சுவல் ஃபண்டில் வளர விடலாம். வங்கி திவாலானால் ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்குத்தான் காப்பீடு உண்டு என்பதால், எல்லாவற்றையும் ஒரே வங்கியில் வைக்க வேண்டாம். அஞ்சலகத் திட்டங்களின் வட்டி விகிதத்தை அரசு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அறிவிக்கும் என்பதால், போடும் நாளில் விகிதத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பிள்ளைகள் பெயருக்குச் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் கொடுப்பதில் அவசரம் வேண்டாம். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதப்பட்டு, அது மீறப்பட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அதை ரத்து செய்யக் கோரலாம். ஆனால் எழுபது வயதுக்கு மேல் யாரும் கோட்டாட்சியர் அலுவலகப் படியேற விரும்பமாட்டார்கள். இருவரும் இருக்கும்வரை வீடு இருவர் பெயரிலும் இருப்பதும், விருப்பத்தை உயிலில் எழுதிவைப்பதும் பாதுகாப்பானது.

இந்தக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை, சம்பள உயர்வு வந்ததும், கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து திரும்பப் போட வேண்டும். அந்த ஆண்டின் சராசரி மாதச் செலவு, பி.எஃப். பாஸ்புக் இருப்பு, மியூச்சுவல் ஃபண்டின் அன்றைய மதிப்பு ஆகிய மூன்றையும் நோட்டில் எழுதிவிட்டு, மேற்கண்ட ஐந்து படிகளையும் புதிய எண்களோடு மறுபடி கடந்து வந்தால் போதும். அதே நாளில் பி.எஃப்., வங்கி, அஞ்சலகம், மியூச்சுவல் ஃபண்ட் என ஒவ்வொன்றிலும் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்ற பட்டியலை மனைவியின் கையெழுத்திலேயே அதே நோட்டில் எழுதச் செய்யுங்கள்.